காகிதக்கூழ் தெளிந்த கூழ்மமாவது எப்படி?

காகிதக்கூழ் வெள்ளையாக இருக்கும், ஒளி ஊடுருவாது. அதையே நானோ இழைகளாகப் பிரித்தால் தெளிந்த கூழ்மம் கிடைக்கிறது. ஏன்?

மரம், வைக்கோல், கரும்புச் சக்கை என எல்லாவற்றின் செல்சுவரிலும் இருப்பது செல்லுலோஸ். குளுக்கோஸ் சங்கிலிகள் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகி, 3 முதல் 4 நானோமீட்டர் அகல இழைகளாகின்றன. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளமோ சுமார் 400 நானோமீட்டரில்தான் தொடங்குகிறது. இவ்வளவு மெல்லிய இழை ஒளியை அதிகம் சிதறடிப்பதில்லை.

சிக்கல், பிரிப்பதில்தான். முதலில் கூழை மிகுந்த அழுத்தத்தில் குறுகிய இடுக்கு வழியே திரும்பத் திரும்பச் செலுத்தினார்கள். மின்சாரம் ஏராளமாகச் செலவானது. டோக்கியோ பல்கலைக்கழகத்தின் அகிரா இசோகாய் குழு கண்ட வழி அழகானது. டெம்போ என்ற வினையூக்கியால் இழையின் மேற்பரப்பை மட்டும் ஆக்சிஜனேற்றம் செய்தார்கள். அங்கே கார்பாக்சிலேட் தொகுதிகள் உருவாகி எதிர்மின்னூட்டம் ஏறுகிறது. ஒத்த மின்னூட்டங்கள் விலக்கும் அல்லவா? இழைகள் ஒன்றையொன்று தள்ளுவதால், அதன்பின் லேசாக அடித்துக் கலக்கினாலே பிரிந்துவிடும். 2015இல் இதற்கு மார்கஸ் வாலன்பெர்க் பரிசு கிடைத்தது.

ஜப்பானில் இந்த நானோ இழைகளைப் பேனா மையிலும் சேர்க்கிறார்கள். சும்மா இருக்கும்போது மை கெட்டியாக நிற்கும். முனையிலுள்ள குண்டு உருண்டால் இளகி ஓடும். தாளில் பட்டதும் மறுபடி கெட்டிப்படும். 2019 டோக்கியோ மோட்டார் கண்காட்சியில், பாகங்களில் இந்த இழைகளைக் கலந்த காரும் வந்தது.

ஆனால் உலர்ந்தால் இழைகள் மீண்டும் ஒட்டிக்கொள்ளும். அதனால் பெரும்பாலும் நீரோடுதான் அனுப்புகிறார்கள். நூறு கிலோ கூழ்மத்தில் சரக்கு சில கிலோதான். விலை இறங்காததற்கு இதுவும் காரணம். பெட்ரோலியப் பிளாஸ்டிக்கோடு கலந்த பொருள் முழுதாக மட்கவும் செய்யாது. ‘தாவரப் பொருள்’ என்ற முத்திரையோடு நிற்காமல், எதோடு கலந்திருக்கிறது என்றும் கேளுங்கள்.