பெரு நாட்டுக் கடலும் நம் இரு மழைகளும்

ஆனி பிறந்தால், நாம் பிழைக்க வந்த இவ்வடபுலத்தில் வானத்தைப் பார்க்கிறோம்; ஐப்பசி பிறந்தால், ஊரிலிருந்து வரும் மழைச் செய்திக்குக் காத்திருக்கிறோம். இவ்விரு மழைகளுக்கும், நாம் கண்டறியாத பெரு நாட்டுக் கடலுக்கும் தொடர்பு உண்டு என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

தென் அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள பெரு, நிலநடுக்கோட்டுக்கு அண்மையது. ஆயினும் அதன் கடல் குளிர்ந்தது. 1802-இல் அங்குச் சென்ற ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட் வெப்பமானி கொண்டு இதனை அளந்தறிந்தார். தெற்கிலிருந்து வரும் நீரோட்டம் ஒரு காரணம். காற்று அதனினும் பெரிய காரணம். கரையை ஒட்டித் தெற்கிலிருந்து வீசும் காற்று மேல்நீரைத் தள்ளுகிறது. புவியின் சுழற்சியால் அந்நீர் இடப்புறம் ஒதுங்கி, கரையை விட்டு அகல்கிறது. அகன்ற இடத்தை நிரப்ப, வெயில் எட்டாத ஆழத்து நீர் மேலெழுகிறது. கிணற்றில் இறைக்க இறைக்க ஊறுவது போலத்தான். அடியில் தங்கிய உரச்சத்தும் உடன்வருவதால் நெத்திலி இனம் பெருகுகிறது. குளிர்நீரின்மேல் படிந்த காற்று மேலெழும்பாது. ஆகவே லிமா நகரில் மூடுபனி உண்டு, மழை அரிது. கடலை அடுத்தே பாலைவனம்!

சில ஆண்டுகளில் பசிபிக் கடற்காற்று தளர்கிறது. மேற்கே திரண்டிருந்த வெதுவெதுப்பான நீர் கிழக்கே பரவிக் குளிர்நீரை மூடுகிறது. கிறிஸ்துமஸ் காலத்தில் இதனைக் கண்ட மீனவர், பாலன் ஏசுவின் பெயரால் ‘எல் நினோ’ என்றனர். அப்போது பெருவில் வெள்ளம்; நம் நாட்டிலோ தென்மேற்குப் பருவமழை குன்றும் வாய்ப்பு மிகுதி. 1877-இல் அவ்வாறே நேர்ந்தது. முந்திய ஆண்டே தொடங்கியிருந்த தாது வருஷப் பஞ்சம் அதனால் மேலும் கொடிதாயிற்று. சென்னை மாகாணத்தில் மாண்டவர் பல இலட்சம். கஞ்சிக்கு வழியின்றி இலங்கைக்குச் சென்றவரும் பலர்.

மழை பொய்ப்பதை முன்னறிய முயன்ற கில்பர்ட் வாக்கர், இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்தவர். பசிபிக் கடலின் கீழ்ப்பக்கத்துக் காற்றழுத்தமும் மேற்பக்கத்துக் காற்றழுத்தமும் தராசுத் தட்டுகள் போல ஏறி இறங்குவதை அவர் 1920-களில் எடுத்துரைத்தார். அதனை எல் நினோவோடு இணைத்துக் காட்டியவர் பியர்க்னஸ், ஆண்டு 1969.

இது பிசகாத விதியன்று. 1997-இல் எல் நினோ மிக வலுவாயிருந்தும் தென்மேற்கு மழை பொய்க்கவில்லை. 2009-இல் 22 விழுக்காடு குறைந்தது.

மற்றொரு விந்தையும் உண்டு. அதே எல் நினோ தமிழகத்தின் ஐப்பசி, கார்த்திகை மழையைப் பெரும்பாலும் மிகுவிக்கிறது. 2015-இல் நாட்டின் தென்மேற்கு மழை 14 விழுக்காடு குறைந்தது. அவ்வாண்டு டிசம்பர்த் தொடக்கத்திலோ சென்னை வெள்ளத்தில் மூழ்கியது. ஊரில் உள்ளோரின் குரல் தொலைபேசியில் கிட்டாமல் இங்கு நாம் தவித்த அவ்விரவுகளை அன்பர்கள் மறந்திரார்.