கையால் செய்த பேய் பயமுறுத்தாது!

அக்டோபர் பிறந்துவிட்டால் போதும், அமெரிக்காவில் கடைக்குக் கடை பூசணிக்காய் மலைபோல் குவிந்துவிடும். வாசல்களில் எலும்புக்கூடும் ஜன்னல்களில் சிலந்தி வலையும் தொங்கும். 31-ஆம் தேதி ‘ஹாலோவீன்’. அன்று சாயங்காலம் பிள்ளைகள் வேஷம் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கி வருவார்கள். நியூஜெர்சியில் வசிக்கும் எங்களுக்கும் இது பழகிவிட்டது.

பெரியவர்களுக்கு வேடிக்கைதான். சின்னக் குழந்தைகளுக்கு? என் ஐந்து வயது மகள் சென்ற ஆண்டு படாத பாடு பட்டாள். தெருமுனை வீட்டு வாசலில் ஆள் உயர எலும்புக்கூடு ஒன்று. யாராவது கடந்து போனால் கண் சிவந்து சிரிக்கும். பள்ளி பஸ்ஸுக்கு அந்த வழியாகத்தான் போகவேண்டும். ‘தூக்கிக்கோம்மா’ என்று ஒரே அழுகை. ராத்திரி விளக்கை அணைக்க விடமாட்டாள். ‘அது வெறும் பொம்மைதான் கண்ணு’ என்று நூறு தடவை சொல்லியாயிற்று. குழந்தையின் பயம் பேச்சுக்கு மசியாது, சகோதரிகளே!

ஒரு சனிக்கிழமை மத்தியானம் பழைய பேப்பரைத் தரையில் விரித்தேன். ‘வா, நாமே ஒரு பேய் பண்ணலாம்’ என்றேன். எல்லாம் வீட்டில் கிடந்த சாமான்களே.

மிட்டாய்ப் பேய்: குச்சி மிட்டாய் ஒன்று, வெள்ளை டிஷ்யூ தாள் இரண்டு, கொஞ்சம் நூல். தாளை மிட்டாயின் மேல் முக்காடு மாதிரி போட்டு, கழுத்தில் நூலால் கட்டுங்கள். ஸ்கெட்ச் பேனாவால் கண்ணும் வாயும் வரைந்தால் பேய் தயார். முகத்தைக் குழந்தையே வரையட்டும், அதுதான் முக்கியம். என் மகள் வரைந்த பேய்க்கு ஒரு கண் பெரிசு, ஒரு கண் சின்னது. ‘இது அழுமூஞ்சிப் பேய்மா. இதுக்கு இருட்டுன்னா பயம்’ என்றாள். அன்று ராத்திரி அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு, ‘பயப்படாதே, நான் இருக்கேன்’ என்று சமாதானம் சொல்லிவிட்டுத் தூங்கினாள். பயம் அடியோடு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் திங்கட்கிழமை அந்த வாசலைத் தாண்டும்போது தூக்கச் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்தாள்.

முட்டை அட்டை வௌவால்: முட்டை அட்டையிலிருந்து ஒரே வரிசையில் மூன்று குழிகளை வெட்டி எடுத்துக் கவிழ்த்து வையுங்கள். நடுக்குழி உடம்பு. இரு பக்கக் குழிகளின் கீழ் விளிம்பை வளைவு வளைவாக வெட்டினால் சிறகு. கறுப்பு வாட்டர் கலர் பூசி, காய்ந்ததும் வெள்ளைத் தாளில் கண் வெட்டி ஒட்டுங்கள். நடுவில் துளையிட்டு நூல் கோத்துத் தொங்கவிடலாம்.

பால் கேன் விளக்கு: ஒரு காலன் பால் வரும் வெள்ளை பிளாஸ்டிக் கேனைக் கழுவிக் காயவையுங்கள். கறுப்பு மார்க்கரால் குழந்தை முகம் வரையட்டும். பின்பக்கம் அடியில் நீங்கள் ஒரு துளை வெட்டி, பேட்டரியில் எரியும் சின்ன விளக்கை உள்ளே வையுங்கள். மெழுகுவர்த்தி கூடவே கூடாது. பிளாஸ்டிக் உருகும், வேஷத் துணியிலும் தீப்பிடிக்கும்.

இதையெல்லாம் பார்த்த என் மாமியார், ‘ஏம்மா, சாமி விளக்கு ஏத்தற வீட்டுல பேயைத் தொங்கவிடலாமா?’ என்று கேட்டார். நியாயமான கேள்விதான். முன்காலத்தில் அயர்லாந்திலும் ஸ்காட்லாந்திலும் டர்னிப் கிழங்கைக் குடைந்து, முகம் வெட்டி, உள்ளே விளக்கு வைப்பார்களாம். கெட்ட ஆவி அண்டாமல் இருக்கத்தான். அங்கிருந்து அமெரிக்காவில் குடியேறியவர்கள் இங்கே தாராளமாய்க் கிடைத்த பூசணிக்காய்க்கு மாறிக்கொண்டார்கள். ‘நம்ம ஊர்ல புது வீடு கட்டினா, பூசணிக்காயில மூஞ்சி வரைஞ்சு திருஷ்டிக்குக் கட்டறோமே, அது மாதிரிதான் அத்தை’ என்றேன். ‘அட, அப்படியா சேதி!’ என்றவர், பேத்தியின் பூசணிக்காயை வாங்கி மீசை வரைந்து கொடுத்துவிட்டார்!

சில விஷயங்களில் கவனம் தேவை. பிள்ளைகளுக்கு முனை மழுங்கிய கத்தரிக்கோல் மட்டும் கொடுங்கள். பூசணிக்காயைக் கத்தியால் குடைவது பெரியவர்கள் வேலை. குழந்தைகள் அதன்மேல் வர்ணம் பூசினால் போதும். முகமூடி கண்ணை மறைத்துத் தடுக்கி விழவைக்கும், முகத்தில் வர்ணம் தீட்டுவதே மேல். அதையும் முதலில் கையில் கொஞ்சம் தடவி, அரிப்பு வருகிறதா என்று பாருங்கள். நான்கு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கெட்டி மிட்டாய் தரவேண்டாம், தொண்டையில் சிக்கும். வேர்க்கடலை போன்றவை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகளும் உண்டு. அவர்களுக்குப் பென்சில், ஸ்டிக்கர் தருகிற வீடுகள் 2014 முதல் பச்சை கலந்த நீல நிறப் பூசணிக்காயை வாசலில் வைக்கின்றன. நாங்களும் ஒன்றுக்கு அந்த வர்ணம் பூசி வைத்தோம்.

ஹாலோவீன் நம் பண்டிகை இல்லைதான். ஆனால் ‘சாப்பிடலேன்னா பூச்சாண்டி பிடிச்சிண்டு போயிடுவான்’ என்ற பேச்சு நம் எந்த வீட்டில் இல்லை? உங்கள் குழந்தையும் இருட்டைக் கண்டு மிரளுகிறதா? ஒரு நாள் தாளும் பசையும் கொடுத்து, அந்தப் பூச்சாண்டியைச் செய்யச் சொல்லுங்கள். தானே கண் வரைந்து, தானே பெயர் வைத்த பூச்சாண்டியிடம் எந்தக் குழந்தைதான் பயப்படும்?