கார்டு வியாபாரமும் கரையும் லாபமும்

செவ்வாய்ப்பேட்டை மொத்தக் கடையானாலும் சரி, ராசிபுரம் சாலையோர மளிகைக் கடையானாலும் சரி, இன்று கல்லாவின் பக்கத்தில் க்யூ.ஆர். அட்டை இல்லாத கடை அபூர்வம். 2016 நவம்பர் 8-ஆம் தேதி பழைய 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டபோது வேண்டா வெறுப்பாக இந்த வழிக்கு வந்த நம் வணிகர்கள், இப்போது இது இல்லாமல் கடை நடத்த முடியாது என்ற நிலைக்கு வந்துவிட்டார்கள். சில்லறைத் தொல்லை குறைந்தது உண்மைதான். ஆனால் இந்த வசதிக்கு எவ்வளவு செலவாகிறது என்று கேட்டால், "ஏதோ பிடிக்கிறார்கள்" என்பதே பெரும்பாலோர் பதிலாக இருக்கிறது. துவரம் பருப்பு கிலோவுக்கு எட்டணா கூடினால் மொத்தக் கடைக்காரரோடு அரை மணி நேரம் வாதாடுகிற நாம், வங்கி பிடிப்பதை மட்டும் கேட்காமல் விடுவது விந்தைதான்.

நாமக்கல் பக்கம் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர், ஆறு மாத வங்கிக் கணக்கு அறிக்கையோடு நம்மிடம் வந்தார். கமிஷன் அதிகம் என்பது அவர் புகார். உட்கார்ந்து வரி வரியாகப் பார்த்தோம். கமிஷன் பெரிதாக இல்லை. கார்டு மெஷின் வாடகை மாதம் 400 ரூபாய். 18 சதவிகித ஜி.எஸ்.டி. சேர்த்து 472. அந்த மாதம் மெஷினில் நடந்த வியாபாரமோ 20 ஆயிரம் ரூபாய்தான். ஆக வாடகை மட்டுமே 2.36 சதவிகிதம்! மற்ற வாடிக்கையாளர் எல்லோரும் க்யூ.ஆர். அட்டையில் கட்டிவிட்டுப் போகிறார்கள். மெஷின் மேஜையில் தூங்குகிறது. இதோடு, பணம் வந்ததை அறிவிக்கும் பேசும் பெட்டிகள் இரண்டு. ஒன்று பழுதாகிப் பரணில் கிடந்தது. அதற்கும் மாதாமாதம் வாடகை போய்க்கொண்டிருந்தது.

எனவே சதவிகிதத்தை மட்டும் பார்த்தால் போதாது. மாதம் பிடித்த மொத்தத் தொகையை, மெஷினில் நடந்த வியாபாரத்தால் வகுத்துப் பார்க்க வேண்டும். அதுவே உண்மையான செலவு.

இனி விதிகளுக்கு வருவோம். 2020 ஜனவரி 1 முதல் ரூபே டெபிட் கார்டுக்கும், வங்கிக் கணக்கிலிருந்து யு.பி.ஐ. வழியாக வரும் பணத்துக்கும் வணிகரிடம் கமிஷன் வாங்கக் கூடாது என்பது சட்டம். மற்ற டெபிட் கார்டுகளுக்கு, ரிசர்வ் வங்கி 2017 டிசம்பரில் உச்சவரம்பு வைத்தது. முந்தைய நிதியாண்டில் 20 லட்சம் வரை விற்றுமுதல் உள்ள சிறு வணிகருக்கு மெஷினில் 0.40 சதவிகிதம், அதற்கு மேற்பட்டவருக்கு 0.90 சதவிகிதம். 3,000 ரூபாய் பில்லுக்கு முன்னவருக்கு 12 ரூபாய், பின்னவருக்கு 27 ரூபாய். நாளொன்றுக்கு 5,500 ரூபாய் விற்றாலே ஆண்டுக்கு 20 லட்சத்தைத் தாண்டிவிடும் என்பதால், நகரக் கடைகளில் பல முதல் வகுப்பில் வராது. ஆனால் கிராமத்துக் கடைக்காரர்கள், தம்மை எந்த வகுப்பில் பதிந்திருக்கிறார்கள் என்று வங்கியில் அவசியம் கேட்க வேண்டும்.

கடன் அட்டைக்கு இப்படி உச்சவரம்பு எதுவும் இல்லை. பேசி முடிப்பதுதான் விலை. மளிகைக்காரர் அடிபடுவதும் இங்கேதான். 26 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று 1,500 ரூபாய், அதில் நமக்கு நிற்பது 40 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கடன் அட்டைக்கு 1.8 சதவிகிதம் என்றால் 27 ரூபாய் போய்விடும். மீதி 13. இரண்டு சிப்பம் வாங்கி 3,000 ரூபாய்க்கு ஒரே பில் போட்டால் கமிஷன் 54, அதன் மேல் ஜி.எஸ்.டி. 9.72. ஒரு தடவைக்கு 2,000 ரூபாய் வரையிலான கார்டு வரவுகளுக்கு இந்த ஜி.எஸ்.டி. கிடையாது, தாண்டினால் உண்டு. பிறகு 80 ரூபாய் லாபத்தில் மிஞ்சுவது 16 ரூபாய் 28 காசு. இந்த வரியை உள்ளீட்டு வரியாகத் திரும்பப் பெறலாமே என்பார்கள். காம்பவுண்டிங் முறையில் வரி கட்டுவோருக்கு அது கிடைக்காது. 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு வரி வந்ததால்தான் 26 கிலோ சிப்பமே பிறந்தது. அப்படி வரியில்லாத சரக்கு விற்கும் அளவுக்கும் உள்ளீட்டு வரி கிடைக்காது.

சோப்பு, பேஸ்ட், பிஸ்கட் போன்றவற்றில் இந்தக் கமிஷனைத் தாங்கலாம். அரிசி, சர்க்கரை, எண்ணெயில் முடியாது. டெபிட் கார்டுக்காரரிடம் கமிஷனைச் சேர்த்து வசூலிக்க ரிசர்வ் வங்கி அனுமதிப்பதில்லை. எனவே வாடிக்கையாளரிடம் தகராறு செய்வதைவிட, "க்யூ.ஆர். ஸ்கேன் செய்துவிடுங்கள் அண்ணா" என்று அன்பாகச் சொல்லிப் பழக்குவதே வழி.

க்யூ.ஆர். என்றால் எல்லாமே இலவசம் என்றும் எண்ணிவிடக் கூடாது. ரூபே கடன் அட்டையை யு.பி.ஐ.யோடு இணைத்தும் ஸ்கேன் செய்கிறார்கள். சிறு வணிகருக்கு 2,000 ரூபாய் வரை இதற்குக் கமிஷன் இல்லை. மேலே போனால் உண்டு. பெட்டியின் குரலை வைத்து எந்தப் பணம் என்று தெரியாது. மறுநாள் அறிக்கையில்தான் தெரியும்.

லீ பஜார் மொத்த வியாபாரிகளுக்கு வேறு சிக்கல். வெளியூர்க் கடைக்காரர் 2 லட்ச ரூபாய் பில்லைக் கடன் அட்டையில் கட்டினால் அவருக்கு நாற்பது நாள் தவணை கிடைக்கிறது. 2 சதவிகித கமிஷன் என்றால் நமக்கு 4,000 ரூபாய் நஷ்டம். நெப்ட், ஆர்.டி.ஜி.எஸ். வழியே வரும் வரவுக்குப் பெறுபவரிடம் கட்டணம் கிடையாது. நெப்ட் 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். 2020 டிசம்பர் முதலும் இரவு பகல் எந்நேரமும் இயங்குகின்றன. பில்லின் அடியிலேயே வங்கிக் கணக்கு எண்ணை அச்சிட்டுவிடுவது நல்லது.

செலவை மட்டும் சொல்லி வரவை விடக் கூடாது. அனுமான வருமானக் கணக்கில் வருமான வரி கட்டும் சிறு வணிகருக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவிகிதம் லாபம் என்று கொள்ளப்படும் இடத்தில், வங்கி வழி விற்பனைக்கு 6 சதவிகிதம்தான். பத்து லட்சத்துக்கு 20 ஆயிரம் ரூபாய் வருமானம் குறைவாகக் கணக்காகும்.

நம் நண்பர் மறுவாரமே வங்கிக்குப் போனார். வாடகையைப் பாதியாகக் குறைக்கிறோம் என்றார்கள். அவர் மெஷினே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். திருப்பிக் கொடுப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. எந்த மெஷின், எந்த எண், எந்தத் தேதி என்று எழுதி, கையொப்பமும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும். எடுத்துப் போன பிறகும் வாடகை பிடிப்பது உண்டு. எழுத்து மூலம் புகார் கொடுத்து 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அப்போது கையில் இருக்க வேண்டியது அந்த ரசீதுதான்.