பீப்பாய் தந்த நாட்டின் ஒயின்

எண்ணெய் வியாபாரத்தில் நாம் அன்றாடம் சொல்லும் ‘பீப்பாய்’ தமிழ்ச் சொல் அன்று. போர்த்துகீசியர் கப்பலில் வந்திறங்கிய ‘பீப்பா’தான் அது. ‘ஏலம்’, ‘சாவி’, ‘அலமாரி’ ஆகியவையும் அவர்கள் விட்டுச் சென்றவையே. போர்ச்சுகலின் போர்ட்டோ நகரில் ஒயின் கணக்கு இன்றும் பீப்பாவில்தான் பேசப்படுகிறது. ஒரு பீப்பா என்பது வழக்கமாக 550 லிட்டர்.

தமிழ்நாட்டு மளிகைக் கடைகளில் ஒயின் விற்பனை இல்லை. ஆனால் லண்டன் போன்ற நகரங்களில் அரிசி, பருப்புடன் ஒயினும் விற்கும் தமிழ் வணிகர்கள் பலர் உண்டு. அவர்களுக்கு இது தொழில் விவரம். மற்றவர்களுக்கோ, சரக்கின் பெயர் கெட்டால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல பாடம்.

கலப்படத்தால் கவிழ்ந்த சந்தை

1703-ல் இங்கிலாந்தும் போர்ச்சுகலும் மெத்துவன் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஆங்கிலேயரின் கம்பளித் துணி போர்ச்சுகலுக்குள் தடையின்றி வரலாம். அதற்கு ஈடாக, பிரெஞ்சு ஒயினுக்கு விதிக்கும் சுங்கவரியில் மூன்றில் இரண்டு பங்கு மட்டுமே போர்த்துகீசிய ஒயினுக்கு வசூலிக்கப்படும். டோரோ ஆற்றுப் பள்ளத்தாக்கின் ஒயினுக்குக் கிராக்கி ஏறியது.

கிராக்கி ஏறினால் கலப்படம் பின்னாலேயே வரும் அல்லவா? மட்டமான ஒயினில் எல்டர் பழச்சாறு கலந்து நிறம் ஏற்றினார்கள். சர்க்கரை சேர்த்தார்கள். விஷயம் வெளிப்பட்டதும் விலை சரிந்தது. 1754-ல் போர்ட்டோவில் இருந்த ஆங்கிலேய வணிகர்கள் விவசாயிகள் மீது பழி போட்டார்கள். ‘நிறமும் காரமும் வேண்டுமென்று கேட்டவர்கள் நீங்கள்தானே’ என்று மறுதரப்பு திருப்பிக் கேட்டது. சண்டையில் யார் வென்றாலும் சரக்கு தேங்கியது தேங்கியதுதான்.

1756-ல் முதலமைச்சர் பொம்பல் தலையிட்டார். ஒயின் வணிகத்துக்குத் தனிக் கம்பெனி ஒன்றை அமைத்தார். நல்ல ஒயின் விளையும் நிலத்துக்கு எல்லை வகுத்து 300-க்கும் மேற்பட்ட கருங்கல் தூண்களை நடச் செய்தார். அப்பகுதியில் எல்டர் செடிகளைப் பிடுங்கி எறிய உத்தரவிட்டார். ஆனால் கம்பெனியின் ஏகபோகம் சிறு மதுக்கடைக்காரர்களின் வயிற்றில் அடித்தது. 1757-ல் போர்ட்டோவில் கலகம் மூண்டது, பலர் தூக்கிலிடப்பட்டனர். வணிகர்கள் தாமே ஒழுங்கு செய்துகொள்ளாத இடத்தில் அரசு செய்யும் ஒழுங்கு, சிறு வியாபாரியின் தலையில்தான் முதலில் விழுகிறது.

பாட்டிலைத் தேர்ந்தெடுக்கும் முறை

இன்று போர்ட் ஒயின் பாட்டிலின் கழுத்தில் எண் பொறித்த உத்தரவாதச் சீட்டு ஒட்டியிருக்கும். அது இல்லாத பாட்டிலைத் தொட வேண்டாம். மற்ற வட்டார ஒயின்களுக்கும் அந்தந்த வட்டார வாரியத்தின் முத்திரை பெரும்பாலும் பின்பக்க லேபிளில் இருக்கும்.

லேபிளில் ‘டின்டோ’ என்றால் சிவப்பு, ‘பிராங்கோ’ என்றால் வெள்ளை. ‘கின்டா’ என்பது பண்ணையின் பெயர். ‘கொல்யேட்டா’ அறுவடை ஆண்டு. ‘கர்ராஃபெய்ரா’ என்றிருந்தால் சிவப்பு ஒயின் குறைந்தது 30 மாதம் முதிர்ந்தது என்று பொருள்.

வடக்கே மின்யோ பகுதியின் ‘வின்யோ வெர்டே’ இலேசானது. ‘வெர்டே’ என்றால் பச்சை. ஆனால் இங்கே அது நிறத்தைக் குறிப்பதில்லை, இளமையைக் குறிக்கிறது. புளிப்புச் சுவை மிக்கது, மீனுக்குப் பொருந்தும். பெரும்பாலானவற்றை ஓரிரு ஆண்டுக்குள் விற்றுத் தீர்த்துவிட வேண்டும். புதிதாகப் பழகுபவருக்குத் தெற்கே அலென்டெஜோவின் சிவப்பு ஒயின் ஏற்றது; பழுத்த சுவை, அதிகத் துவர்ப்பில்லை. டோரோ, டாவோ பகுதிச் சிவப்பு ஒயின்கள் கனமானவை, இறைச்சிக்கு ஏற்றவை.

போர்ட் ஒயின் தனி ரகம். திராட்சைச் சாறு முழுவதும் நொதிக்குமுன் பிராந்தி சேர்த்து நிறுத்திவிடுவதால் இனிப்பு தங்கிவிடுகிறது. சாராயச் சத்தும் சுமார் 20 சதவீதம் நிற்கிறது. ‘ரூபி’ இளையது, விலை குறைந்தது. ‘டானி’ மரப் பீப்பாயில் முதிர்ந்தது. லேபிளில் உள்ள 10, 20 என்ற எண் சராசரி வயதைக் காட்டும். ‘விண்டேஜ்’ சிறந்த ஆண்டின் ஒயின்; விலை அதிகம், அடியில் மண்டி நிற்கும், தெளிய வைத்து ஊற்ற வேண்டும். முதன்முறை வாங்குபவருக்கு 10 ஆண்டு டானியைக் காட்டுங்கள். வாடிக்கையாளர் திரும்பி வருவார்.

கடையில் வைக்கும் விதம்

வெயில் படும் கண்ணாடி ஷோகேஸ் ஒயினுக்கு எமன். குளிர்ந்த, இருட்டான இடமே தக்கது. நீண்ட கார்க் அடைத்த பாட்டிலைப் படுக்க வையுங்கள். கார்க் காய்ந்தால் காற்று புகும். டானிக்குப் பெரும்பாலும் கையால் எடுக்கும் தக்கை என்பதால் நிமிர்த்தி வைக்கலாம். திறந்தபின் சாதாரண ஒயின் சில நாளே தாங்கும்; டானி சில வாரம் தாங்கும். மடீராத் தீவின் ஒயின் மட்டும் விதிவிலக்கு. தயாரிப்பிலேயே சூடு கண்டது என்பதால், திறந்தபின்னும் மாதக்கணக்கில் கெடுவதில்லை.

பொம்பல் நட்ட தூண்களில் பல இன்றும் டோரோ மலைச்சரிவில் நிற்கின்றன. 2001-ல் அப்பகுதி யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாகவும் ஆயிற்று. எல்டர் சாறு கலந்து நாலு காசு பார்த்தவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. அவர்கள் கெடுத்த பெயரை மீட்கத்தான் கல் நட வேண்டியிருந்தது. நம் கடையில் மிளகாய்த்தூளோ நெய்யோ எதுவானாலும், லேபிளில் எழுதியதும் உள்ளே இருப்பதும் ஒன்றாக இருக்கட்டும். நம்முடைய எல்லைக்கல் அதுவே.