கொழுக்கட்டை வெடித்தால்: முதுகுத்தண்டு ஊசி எப்படி வேலை செய்கிறது?

எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்துவிட்டு, "ஜவ்வு பிதுங்கியிருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி ஒரு ஊசி போட்டுப் பார்ப்போம்" என்பார் மருத்துவர். பிதுங்கியதை ஊசி எப்படி உள்ளே தள்ளும்? தள்ளாது. அதற்காகப் போடுவதும் இல்லை.

பூரணக் கொழுக்கட்டையை நினைத்துக்கொள்ளுங்கள். மருத்துவர் சொன்ன ஜவ்வு, அதாவது முதுகெலும்புக் கட்டைகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க், அப்படித்தான்: வெளியே நார் வளையங்களால் ஆன கெட்டி மாவு, உள்ளே கொழகொழவென்று பூரணம். முதலில் மாவில் விரிசல் விழும். பிறகு பூரணம் கசியும். பெரும்பாலும் இது நடப்பது இடுப்பின் கடைசி இரண்டு டிஸ்க்குகளில். அறிக்கையில் 'எல்4-எல்5', 'எல்5-எஸ்1' என்று இருப்பவை அவைதான். பக்கத்திலேயே காலுக்கு இறங்கும் நரம்பின் வேர் இருக்கிறது. கசிந்த பூரணம் அதை அழுத்துவது பாதிக் கதை. அதிலுள்ள ரசாயனங்கள் பட்டு நரம்பு வீங்குவது மீதிக் கதை. அதனால்தான் கோளாறு இடுப்பில் இருக்க, வலி புட்டத்திலிருந்து பாதம் வரை சுரீரென்று இழுக்கிறது.

ஊசி குறிவைப்பது அந்த வீக்கத்தை. முதலில் குப்புறப் படுக்கவைத்துத் தோலை மரக்கச் செய்வார்கள். பிறகு எக்ஸ்ரே திரையைப் பார்த்தபடி நீளமான மெல்லிய ஊசியை இறக்குவார்கள். நரம்புகளை மூடியிருக்கும் உறைக்குச் சற்று வெளியே அது நிற்க வேண்டும். சாயமருந்தைக் கொஞ்சம் செலுத்தி, இடம் சரிதானா என்று பார்த்த பிறகே ஸ்டீராய்டு போகும், பெரும்பாலும் மரப்பு மருந்தோடு. அரை மணிக்குள் முடிந்துவிடும்.

அன்றே வலி குறைந்தால் அது மரப்பு மருந்தின் வேலை. சில மணி நேரத்தில் வலி திரும்பலாம், பதற வேண்டாம். ஸ்டீராய்டு வேலையைக் காட்டச் சில நாட்கள் ஆகும்.

சரி, கசிந்த பூரணம்? அதற்கு எறும்புகள் வரும். உடலின் தின்னும் அணுக்கள் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுவிடுவதால், பலருக்குச் சில மாதங்களில் பிதுக்கம் தானாகவே சுருங்குகிறது. ஆக, எறும்பு வேலையை முடிக்கும்வரை வலியைத் தணித்து வைப்பதே ஊசியின் வேலை. அறுவை சிகிச்சையோ பூரணத்தை நேரே வழித்தெடுப்பது. ஊசியின் பலன் சிலருக்கு வாரங்கள், சிலருக்கு மாதங்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. கால்வலி இல்லாத வெறும் இடுப்புவலிக்கு இதில் பணம் போடுவது வீண் என்பேன்.

சர்க்கரை நோய் இருந்தால் ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் முன்பே சொல்லிவிட வேண்டும், நீங்களாக நிறுத்தாதீர்கள். மிக அரிதாகப் பக்கவாதம், பார்வையிழப்பு போன்றவை நேரலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2014-இல் எச்சரித்தது. எக்ஸ்ரே உதவியோடுதான் போடுவார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் இல்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, பாதத்தைத் தூக்க முடியவில்லை என்றால் ஊசியைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்காதீர்கள். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.