கடலோர மாடியில் ஒரு மாலை

மும்பைக்கு வந்து படிக்கும் நம் தமிழ் மாணவர்களில் மரைன் டிரைவ் கடற்கரைச் சுவர்மீது உட்காராதவர் இருக்க முடியாது. ஆனால், சாலையின் மறுபுறத்தில் கட்டிடங்களின் உச்சியில் விளக்கெரியும் உணவுச்சாலைகளை நாம் அண்ணாந்து பார்ப்பதோடு சரி. சென்ற சனவரியில் அவற்றுள் ஒன்றுக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. விடுதியில் மூத்தவரான நண்பர் ஒருவருக்கு வேலை கிடைத்தது, விருந்து அவருடையது. நால்வர் சென்றோம். அங்கே கண்டவற்றைப் பௌதிகம் படிப்பவனின் கண்கொண்டு இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் உயரத்தைச் சொல்லவேண்டும். அந்த மாடியில் முதன்மையாக விற்கப்படும் பண்டம் அதுதான். கடல்மட்டத்திலிருந்து நம் கண் எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறதோ, அந்த எண்ணின் வர்க்கமூலத்தை 3.57 ஆல் பெருக்கினால், அடிவானம் எத்தனை கிலோமீட்டர் தொலைவில் உள்ளது என்பது கிடைக்கும். சுவரில் உட்காருபவனின் கண் சுமார் 4 மீட்டர் உயரத்தில் உள்ளது என்று கொண்டால், அவனுக்கு அடிவானம் 7 கிலோமீட்டர். மாடியில் இருப்பவனுக்கு அது 36 மீட்டர் என்றால், அடிவானம் 21 கிலோமீட்டர். அடிவானம் தாழ்ந்துபோவதால் சூரியன் மறைவதும் சற்றுத் தாமதமாகிறது. எவ்வளவு? கணக்கிட்டுப் பார்த்தேன்: ஏறக்குறைய அரை நிமிடம்! அத்தனை படியேறிப் பெறுவது அரை நிமிடச் சூரியன்.

கணக்கு சரிதான். ஆனால் அன்று அடிவானத்தில் மும்பையின் குளிர்காலப் புகைமூட்டம் படிந்திருந்தது. கடலைத் தொடுமுன்பே சூரியன் அதற்குள் கரைந்துவிட்டது. மாடியில் இருந்தவருக்கும் சுவரில் இருந்தவருக்கும் ஒரே நேரத்தில் இருட்டியது.

பரிமாறுபவர் பட்டியலை நீட்டி, மரியாதையாக எங்கள் வயதைக் கேட்டார். மகாராஷ்டிரத்தில் பீருக்கும் ஒயினுக்கும் 21 வயதும், மற்ற மதுவகைகளுக்கு 25 வயதும் நிறைந்திருக்கவேண்டும். 1949-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டத்தின்படி குடிப்பதற்கு அனுமதிச் சீட்டும் வேண்டும். பக்கத்திலிருந்த நண்பன், "இருபத்தஞ்சுன்னு சொல்லிடுடா, யாரு பாக்கப் போறாங்க?" என்று காதோடு சொன்னான். அவனுக்குச் சென்ற தீபாவளிக்குத்தான் 25 நிறைந்திருந்தது. எனக்கு 23. உள்ளபடியே சொன்னேன். சொல்லும்போது முகம் சுட்டது என்பதையும் மறைப்பதற்கில்லை. மற்றவர் காக்டெயில் கேட்க, நான் டானிக் நீர் கேட்டேன்.

அதனால் இழந்தது ஒன்றுமில்லை. மேசையருகே எரிந்த ஊதா விளக்கின் ஒளியில் என் கண்ணாடிக் குவளை நீலமாக ஒளிர்ந்தது! டானிக் நீரில் சிறிதளவு கொய்னா கலந்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத புறஊதாக் கதிரை வாங்கி, நீல ஒளியாகத் திருப்பித் தருவது அதன் இயல்பு. 1845-இல் ஜான் ஹெர்ஷல் இதைக் கவனித்து எழுதினார். 1852-இல் ஸ்டோக்ஸ் விளக்கம் தந்தார். மலேரியாவுக்கு மருந்தான இந்தக் கொய்னா, சின்கோனா மரப்பட்டையிலிருந்து வருவது. தென்னமெரிக்க மரமான அதனை 1860-ஐ ஒட்டிய ஆண்டுகளில் நம் நீலகிரிக்குக் கொண்டுவந்து, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் பயிரிட்டார்கள். மும்பை மாடியில் நீலகிரியின் கசப்பை நினைத்துக்கொண்டு குடித்தேன்.

இனிக் காக்டெயில். கலப்பவர் மதுவையும் பழச்சாற்றையும் பனிக்கட்டியோடு மூடிய பாத்திரத்தில் இட்டுக் குலுக்குகிறார். பாத்திரத்தின் வெளிப்புறத்தில் உறைபனி படிகிறது. பனிக்கட்டி 0 டிகிரியில் உருகுவது. அப்படியிருக்கக் கலவை அதற்கும் கீழே குளிர்வது எப்படி? வீட்டில் ஐஸ்கிரீம் செய்யும்போது பனிக்கட்டியில் உப்பைப் போடுகிறோமே, அதே விதிதான். இங்கே உப்பின் வேலையைச் சாராயம் செய்கிறது. ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வெப்பம் வேண்டும்; அதைக் கலவையிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே குளிரவேண்டுமானால் தண்ணீர் கலந்தே தீரும்.

இதில்தான் சூழ்ச்சியும் இருக்கிறது. குளிர்ச்சி நாவின் சுவையுணர்வை மழுங்கச் செய்கிறது. சர்க்கரை மதுவின் எரிச்சலை மறைக்கிறது. குடிப்பவனுக்கு அது சர்பத்தாகவே தோன்றும். 60 மில்லி மது ஊற்றிய ஒரு காக்டெயிலில் சுமார் 25 மில்லி சுத்தச் சாராயம் இருக்கும். சிறிய புட்டி பீர் ஒன்றில் இருப்பதைப்போல் இது ஒன்றரை மடங்கு. இதைக் கழிக்க உடலுக்கு 2 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். என் காதில் ஓதிய நண்பனோ அரைமணியில் இரண்டை முடித்துவிட்டான்.

கீழே இறங்கும்போது அவன் கால் பின்னியது. இருபுறமும் தாங்கிச் சாலையைக் கடக்கச் செய்து, பழைய சுவரிலேயே உட்கார வைத்தோம். வளைந்து செல்லும் கரை நெடுக விளக்குகள் எரிந்தன. வேலை கிடைத்த அண்ணன் தேநீர் வாங்கிவந்தார். நெடுநேரம் கழித்து நண்பன் தலைநிமிர்ந்து, "நீ உள்ளதைச் சொன்னப்ப சிரிச்சேன்டா" என்றான். அதற்குமேல் அவனும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

மாடிக்குப் போகவேண்டாம் என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. ஒருமுறை போய்வாருங்கள், காற்றும் காட்சியும் நன்றாகவே இருக்கின்றன. வயதைக் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். டானிக் நீர் கேட்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை. முடிந்தால் ஊதா விளக்கின் அருகே இடம்பிடியுங்கள். அரை நிமிடச் சூரியன் கிடைக்காவிட்டாலும் அந்த நீல ஒளி கிடைக்கும்.