கைபேசிக்குள் ஒரு குசினி

அடுப்பில் பருப்பு கொதிக்க, கைபேசியில் பேகர் சுடுபவர்கள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். பிள்ளைகளை மட்டும் சொல்கிறோம் என்று நினைக்க வேண்டாம். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபின் தனியே இருக்கும் அம்மம்மாமாரும், இரவு வேலை முடிந்து வரும் தாய்மாரும் இதில் அடக்கம்.

2006இல் ஜப்பானில் வெளியான 'குக்கிங் மாமா'வில் வெட்டுவதும் கிண்டுவதும்தான் விளையாட்டு. 2014இல் லித்துவேனிய நிறுவனம் ஒன்று வெளியிட்ட 'குக்கிங் ஃபீவர்' போன்றவற்றில் நாம் கடையே நடத்த வேண்டும். வாடிக்கையாளரின் பொறுமை தீருமுன், இறைச்சி கருகுமுன் எடுத்துக் கொடுத்தால் காசு விழும். ஒரு கட்டம் முடியச் சில நிமிடங்களே ஆகும். ஆங்கிலமும் அதிகம் தேவையில்லை. உண்மையான குசினியில் நாள் முழுக்க நின்றாலும் கிடைக்காத பாராட்டு இங்கே உடனுக்குடன் கிடைக்கிறது. (வீட்டிலுள்ள ஆண்கள் இதைச் சற்று யோசிக்கலாம்.) மனப்பாரத்தோடு இருப்பவர்களுக்குப் பத்து நிமிடம் கவனம் வேறெங்கோ போவது ஆறுதல்தான். அதை நாம் குறை கூறவில்லை.

ஆனால் முதற்கட்டங்கள் வேண்டுமென்றே இலகுவாக அமைக்கப்பட்டவை. போகப்போகப் பழைய அடுப்பு ஈடுகொடுக்காது. புதிய அடுப்புக்குக் காசும் வைரமும் வேண்டும், அதைப் பொருத்தி முடிய மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும். காத்திருக்க மனமில்லாதவர் உண்மையான பணத்தைக் கொடுக்கலாம். பெற்றோரின் அனுமதியின்றிப் பிள்ளைகள் கைபேசிச் செயலிகளுக்குள் வாங்கியவற்றுக்காக, குறைந்தது 3 கோடி 25 இலட்சம் டொலரைத் திருப்பிக் கொடுக்க 2014 சனவரியில் அப்பிள் நிறுவனம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் உடன்பட்டது. உங்கள் கைபேசியில் கடனட்டை பதிந்திருந்தால், ஒவ்வொரு தடவையும் கடவுச்சொல் கேட்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள்.

முதலில் கெடுவது நித்திரை. நேரத்தோடு போட்டிபோட்டு விளையாடிய மூளை, விளக்கை அணைத்ததும் அடங்கிவிடாது. படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே கைபேசியை வேறு அறையில் வையுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனிக்க வேண்டும். சாப்பிட்டபின் சற்று நடந்தால் இறங்கக்கூடிய சீனி, கதிரையில் இருந்து விளையாடினால் அவ்வளவாக இறங்காது.

இதையெல்லாம் 'அடிமை நோய்' என்று வீட்டில் ஏச வேண்டியதில்லை. உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறு 2022 முதல் நடைமுறையில் உள்ளது. கட்டுப்பாடு இழந்து, மற்ற அலுவல்களைப் பின்தள்ளி, கேடு தெரிந்தும் பெரும்பாலும் 12 மாதமளவில் தொடர்ந்தால்தான் அந்தப் பெயர். அப்படி ஒருவர் இருந்தால், அவருக்குத் தனிமையோ மனச்சோர்வோ உண்டா என்றும் நாம் விசாரிப்போம்.

பெருவிரல் அடியில் நோ உள்ளவர்கள், பெருவிரலை உள்ளே மடித்துக் கையைப் பொத்தி, மணிக்கட்டைச் சின்னவிரல் பக்கமாக மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். சுள்ளென்று வலித்தால் தசைநார் உறை அழற்சியாக இருக்கலாம். 1895இல் சுவிஸ் சத்திரசிகிச்சை நிபுணர் டி கெர்வைன் விவரித்த நோய் இது. கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாருக்கும் வரும். சில கிழமை விரலுக்கு ஓய்வு கொடுத்தும் குறையாவிட்டால், கைபேசியை எவ்வளவு நேரம் பிடிக்கிறீர்கள் என்பதையும் மறைக்காமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.